கிழக்குச் சுவரில் டி.வி.

ஊரான் வீட்டுச் சுவரையெல்லாம் துளை போட்டே சீனி முகம்மதுக்குத் தலை நரைத்துவிட்டது. துபாயில் டி.வி. மாட்டுகிற வேலை. அரபிகளின் வீடுகள், ஓட்டல் அறைகள் என்று எத்தனை மாட்டியிருப்பார், அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம். கீழக்கரையில் இருக்கும் சொந்த வீட்டில் மட்டும் ஒரு ஆணிகூட அடித்ததில்லை. ரெண்டு வருசத்துக்கு ஒருதரம் வருவார். கிடைக்கிற ஒரு மாதமும் விருந்து, கல்யாணம், துக்கம் விழுந்த மையத்து வீடு என்று ஓடிப்போகும்.

இப்போது ஒரேயடியாக வந்துவிட்டார். வந்த பிறகுதான், பாவம், தன் வீட்டில் தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பது புரிந்தது. மோட்டார் சுவிட்ச் எது, சாவி எங்கே தொங்கும், எல்லாவற்றுக்கும் மனைவி மஜீதாவைக் கேட்க வேண்டும். அவளும் முகம் கோணாமல் எடுத்துக் கொடுப்பாள். அதுதான் அவரை அறுத்தது. வந்த விருந்தாளியைக் கவனிப்பதுபோலல்லவா கவனிக்கிறாள்! இந்த வீட்டு மனுசன் என்று சொல்லிக்கொள்ள ஒரு காரியமாவது செய்துவிட வேண்டுமென்று தவியாய்த் தவித்தார்.

மகள் மர்வா புருசனோடு மலேசியாவில் இருக்கிறாள். வெள்ளிக்கிழமைதோறும் வீடியோ காலில் பேசுவாள். "போன்ல புள்ள முகம் நகத்தளவுதான் தெரியுது" என்று மஜீதா ஒருநாள் சொல்லப்போக, மனுசன் அதைப் பிடித்துக்கொண்டார். ராமநாதபுரம் போய்ப் பெரிய டி.வி.யாகப் பார்த்து வாங்கினார். மாட்டிக்கொடுக்க ஆள் அனுப்புவதாகக் கடைக்காரர் சொன்னதும், "எனக்கேவா?" என்று சிரித்துவிட்டார்.

மேற்கு தொழுகிற திசை. அந்தச் சுவரில் டி.வி. ஆகாது. கிழக்குச் சுவரைத் தேர்ந்தார். பழைய சுண்ணாம்புச் சுவர், டிரில் வைத்தால் மாவாகக் கொட்டியது. ஆழத் துளைத்து, சிமெண்ட் அடைத்து, காயவிட்டு, அப்புறம் போல்ட் முடுக்கினார். ரசமட்டம் வைத்துப் பார்த்தார், இம்மி பிசகவில்லை. வழக்கம்போல் சோபாவில் உட்கார்ந்தும் பார்த்துக்கொண்டார். படம் கண்ணுக்கு நேரே இருந்தது.

"நல்லாருக்கா, மஜீதா?"

"மாஷா அல்லாஹ். நல்லாருக்கு மச்சான்."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பாடும் ஆனது. போனை டி.வி.யோடு இணைத்து மஜீதாவிடம் கொடுத்துவிட்டு, சோபாவில் சாய்ந்தார். சுவரில் மகள் முகம் பெரிதாக வந்தது. அவருக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

"உம்மா, ஏன் அண்ணாந்தே பாக்குறீங்க?" என்றாள் மர்வா. "கழுத்து நரம்பு புடிச்சு போன வாரந்தானே அழுதீங்க?"

சீனி முகம்மது திரும்பிப் பார்த்தார். சோபாவில் பக்கத்து இடம் காலியாகக் கிடந்தது. மஜீதா தரையில், தூணோரம் பாய் விரித்து உட்கார்ந்து, ஒரு கையால் பிடரியைத் தாங்கியபடி மகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் பேசி வைத்ததும் மஜீதாவிடம் கேட்டார்.

"கழுத்து வலின்னு எங்கிட்டச் சொல்லவே இல்லையே புள்ள?"

"அது கெடக்குது மச்சான். நீங்க ஆசையா மாட்டுனீங்க."

"சோபா இருக்குல்ல, ஏன் கீழ உக்காந்திருக்க?"

"அது வர்றவங்களுக்குப் போட்டது. நான் எப்பவும் இங்கனதான்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது தேவலை. லீவில் வந்தபோதெல்லாம் அவளை எப்படிப் பார்த்தோம் என்று அவர் நினைத்துப் பார்த்தார். அடுப்படியில் நின்றாள். பரிமாற நின்றாள். திரும்பிப்போகிற அன்று பெட்டி கட்டிவிட்டு வாசலில் நின்றாள். அவள் அக்கடாவென்று உட்கார்ந்து ஒருநாளும் அவர் பார்த்ததில்லை. முன்பின் தெரியாதவர்கள் வீட்டில்கூட, எங்கே உட்காருவீர்கள் என்று கேட்டுவிட்டுத்தானே டிரில்லையே எடுப்பார்! கண் கலங்குவதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

எழுந்துபோய் முட்டி நோக நோகப் பாயில் உட்கார்ந்தார். அங்கிருந்து சுவரைப் பார்த்தார். அடேயப்பா, எவ்வளவு உயரம்!

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க மச்சான்" என்றாள் மஜீதா. "அது நான் காலு நீட்டுற எடம்."

தள்ளி உட்கார்ந்தார். அவள் கண் மட்டத்தைக் கையால் அளந்துகொண்டார்.

மறுநாளே டி.வி.யைக் கழற்றி, கீழே புதிதாகத் துளை போட்டார். பழைய துளைகளைப் பூசியும் தழும்பு தெரிந்தது. சுவரைக் கெடுத்துவிட்டோமே என்று அவருக்கு வருத்தம்தான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மர்வா கூப்பிட்டாள். தாய் இப்போது நேராகப் பார்த்தாள்.

"வாப்பா எங்க உம்மா? வெளிய போயிருக்காங்களா?"

மஜீதா போனைப் பக்கவாட்டில் திருப்பினாள்.

"இல்லம்மா. இந்தா, இங்கனதான் எம் பக்கத்துல உக்காந்திருக்காங்க."