இழைப்புளியில் செருகிய பல்பு

எலி மூத்திரமும் ஊசிப்போன கொழுப்பும் கலந்த நாற்றத்தோடுதான் மரம் சீவுகிற அந்த இழைப்புளி என் மேசைக்கு வந்தது. சாக்கைப் பிரித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அந்த நாற்றம் இரண்டு முறை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்ததில் போய்விட்டது. அப்போதைய என் முதலாளியை நினைத்தால் வருகிற குமட்டலுக்குத்தான் இன்றுவரை மருந்தில்லை.

திண்டிவனத்தில் பழம்பொருள் கடை வைத்திருந்தார் அவர். உடைந்த ஊஞ்சல், பித்தளைக் குத்துவிளக்கு, கதவு, தூண் என்று ஊர் ஊராகப் போய் வாங்கி வருவார். பின்கட்டில் அவற்றைச் சுத்தம் செய்து பழுது பார்ப்பது என் வேலை. இதைக் கொண்டுவந்த அக்காவோ விற்க வரவில்லை. கெடார் பக்கத்துக்காரர், கணவரை இழந்தவர். மாமனார் தச்சு வேலை செய்த காலத்துச் சாமான் இது; மாட்டுக் கொட்டகைப் பரணில் கிடந்ததாம்.

"இது இன்னா மாதிரி இழைப்புளின்னே எங்களுக்குத் தெரியல. ஆனா எங்க மாதா கோயில் வாசல் நிலைய மாமா இதுலதான் இழைச்சாருன்னு சொல்லுவாங்க. நிலை ஒரு பக்கம் செல்லரிச்சிப் போச்சி. புதுசா வைக்கிற சட்டத்துல அந்த வளைவு எதுலயும் வர மாட்டேங்குது. இது ஓடுமா பாரும்மா. நிலைய சரி பண்ற எங்க கொழுந்தனாரு கேட்டுக்கினே இருக்காரு."

பார்த்தவுடன் எனக்கும் பிடிபடவில்லை. அடிப்பாகம் கோணலாக இருந்ததால் தேய்ந்து கெட்டுப்போன கட்டை என்றே நினைத்தேன். ஆப்பைத் தட்டி, மரத்தைச் சீவுகிற தகட்டை உருவிய பிறகுதான் தெரிந்தது. தகட்டின் முனையும் கட்டையின் அடியும் ஒரே வளைவு. கோணல் இல்லை, நிலையின் விளிம்பில் அலைபோல வரி எடுப்பதற்கென்றே செய்த இழைப்புளி. முன்முகத்து அழுக்கைத் துடைத்தபோது ஏதோ வெளிநாட்டுப் பட்டறையின் பெயர் ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே, உளியால் கொத்திய சின்னச் சிலுவை.

குச்சியில் உப்புத்தாளைச் சுற்றி, வளைவு கெடாமல் தகட்டைத் தீட்டினேன். கட்டைக்கு எண்ணெய் ஊட்டினேன். ஒரு தேக்குத் துண்டில் வைத்துத் தள்ளியதும், சீவல் சுருண்டு கட்டையின் வாய்வழியாக வந்து மடியில் விழுந்தது. சத்தம் போட்டுச் சிரித்தேன். முதலாளி எட்டிப்பார்த்தார். அவர் கண் சீவலுக்குப் போகவில்லை; அந்த அச்செழுத்தில் நின்றது.

"வெளிநாட்டு சரக்கும்மா இது! ஓடுதுன்னு யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத."

நான் விழுப்புரத்தில் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், கடையின் முன்பக்கக் கண்ணாடி அலமாரியில் இழைப்புளி மேசை விளக்காக நின்றுகொண்டிருந்தது. ஆடாமல் நிற்பதற்காக அடிவளைவை மட்டமாகச் சீவித் தள்ளியிருந்தார். மேலிருந்து துளைபோட்டு ஒயர் இழுத்து பல்பு மாட்டியிருந்தார். சிலுவையின் மேல் பித்தளையில் கடைப்பெயர். உடம்பு முழுக்கப் பிசுபிசுவென்று வார்னிஷ். தகட்டை மட்டும் அழகுக்காக விட்டுவைத்திருந்தார்.

அதைப் பற்றி நான் கேட்பதற்குள் அந்த அக்கா வந்துவிட்டார். முதலாளி முகத்தைச் சோகமாக்கிக்கொண்டார்.

"பூச்சி அரிச்சிப் பூட்ச்சிக்கா. தொட்டா உதிருது. குப்பையில போட்டுட்டோம்."

"பொய் சொல்றாருக்கா. நல்லா ஓடிச்சி. தோ, அலமாரியில விளக்கா நிக்குது பாருங்க" என்றேன்.

முதலாளி கொஞ்சமும் கூசாமல் சிரித்தார். அதுதான் என்னால் தாங்க முடியாதது. "பரண்ல நாறிக்கினு கிடந்தத நான் அழகு பண்ணி வச்சிருக்கேன். கோவப்படாதீங்க. நீங்களே எடுத்துக்கினு போய் வீட்டுல லைட்டு போடுங்க" என்றார், தானம் கொடுப்பவரைப் போல.

அக்கா அதைக் கையில் வாங்கிப் புரட்டினார். மட்டமாகிப்போன அடியைத் தடவினார். வார்னிஷ் விரலில் ஒட்டியது.

"மாமா கைய வெட்டி அதுல பல்பு மாட்டி வச்ச மாதிரி இருக்குதுடா பாவி."

ஆப்பைத் தட்டித் தரச்சொல்லி என்னைப் பார்த்தார். தட்டினேன். தகட்டை உருவி முந்தானையில் சுற்றிக்கொண்டு, கட்டையை மேசைமேல் வைத்தார். "இந்தப் பொணத்த நீயே வச்சிக்கோ." அவர் படியிறங்கியபோது நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே இறங்கிவிட்டேன்.

அந்தத் தகட்டின் வளைவை அளவாக வைத்து அவருடைய கொழுந்தனார் புதுக்கட்டை செய்தார். நிலையும் முடிந்தது. போய்ப் பார்த்தேன், பழைய மரமும் புதுமரமும் சேருகிற இடத்தில் வரி பிசகாமல் ஓடுகிறது.

இப்போது விழுப்புரத்தில் சொந்தமாகச் சிறிய பட்டறை வைத்திருக்கிறேன். போன வாரம் கதவு செய்யக் கொடுக்க வந்த ஒரு பெண், இதுபோல ஒன்று வேண்டும் என்று செல்போனை நீட்டினாள். அதே விளக்கு. அருகில் முதலாளி கைகூப்பி நிற்கிறார். கீழே அவர் எழுதியிருந்தது: 'கிராமத்துக் கிறிஸ்தவத் தச்சர் குடும்பம் கண்ணீரோடு என்னிடம் ஒப்படைத்த பொக்கிஷம்.' அதற்கு எத்தனையோ பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். அந்தப் பெண், "எவ்ளோ நல்ல மனுசன் இல்லக்கா?" என்றாள்.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பின்பக்கம் போய்க் காறித் துப்பினேன்.