எனக்கு மட்டும் தெரிந்த தமிழ்

முதல் வேலை. விசிட்டிங் கார்டில் 'சர்வீஸ் டிசைனர்' என்று அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் அந்தக் கார்டை நீட்டினால் ஒரே கேள்விதான் வரும். அக்ரஹாரத்துத் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸும் அதையே கேட்டார்: "ஸ்கூட்டர் சர்வீஸா சார்?"

நோயாளிகள் ஏன் இவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க எங்கள் ஆலோசனை நிறுவனம் என்னை அனுப்பியிருந்தது. மடியில் நோட்டும் கண்ணில் கடிகாரமுமாகப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆள் குறைக்க வந்தவன் என்று ஊழியர்களுக்குச் சந்தேகம். நான் கிட்டப் போனால் பேச்சு நின்றுவிடும். என் காபியில் மட்டும் சர்க்கரை இருக்காது. நானும் சளைத்தவனா? அத்தனை பேரையும் சந்தேகப்பட்டு, அதை அவர்கள் கண்ணெதிரிலேயே தமிழில் எழுதினேன். கன்னட ஊரில் அது ரகசிய எழுத்து என்று நினைப்பு. உளவுத்துறை என்னை ஏன் இன்னும் கூப்பிடவில்லை என்றுகூட யோசித்தேன்.

பெரிய சந்தேகம் வாசலில் நின்ற காக்கிச் சட்டை உதவியாள் மேல்தான். ஐம்பது வயதிருக்கும். நர்ஸுகளிடம் சரளமாகக் கன்னடம் பேசுவார். யாராவது வரிசையில் நின்றால் போய்க் காதோடு கிசுகிசுத்து, தனியே பிரித்து உள்ளே கூட்டிப் போவார். எழுதினேன்: 'வேண்டியவர்களைக் குருக்கு வழியில் அனுப்புகிறார். இவரை எடுத்துவிட்டு அம்புக்குறிப் பலகை வைக்கலாம்.'

மூன்றாம் நாள் கை கழுவப் போய்த் திரும்பினால், நோட்டு அவர் கையில்.

"ஏனுங்க, குறுக்குக்கு வல்லின ற போடோணுமுங்க."

"உங்களுக்குத் தமிழ் படிக்க வருமா?"

"நமக்குக் கொள்ளேகாலுங்க, முன்ன கோயமுத்தூர் ஜில்லாவுல இருந்த ஊருங்க. தெனமும் தமிழ்ப் பேப்பர் வாங்கறனுங்க. அதிருக்கட்டும், என்னைய எடுத்துப்போட்டுப் பலகை வெக்கறீங்களா? ரெண்டு புள்ளைங்க இன்னும் பள்ளிக்கூடத்துல இருக்குதுங்க."

மானம் போன பிறகும் நான் விடவில்லை. "காதுல அப்படி என்னதான் சொல்றீங்க?"

"சொல்றதில்லீங்க, கேக்கறனுங்க. இப்பப் போனாரே, நம்ம தமிழாளு, அவருக்கு மூலமுங்க. கவுண்டர்ல இருக்கற புள்ளைக்குத் தமிழ் தெரியாது. என்ன வியாதின்னு கூட்டத்துக்கே கேக்கற மாதிரி கத்தும். இவரு கையால தொட்டுக் காட்டோணுமா? வெக்கப்பட்டுக் காய்ச்சல்னு சொல்லிப்போட்டு, காய்ச்சல் டாக்டரு வரிசைல ரெண்டு மணி நேரம் நிப்பாருங்க. அப்பறம் வேற ரூமுக்குப் போன்னு தொரத்துவாங்க."

அப்போதும் நம்பாமல் அரைமணி நேரம் அவர் பின்னாலேயே நடந்தேன். அவர் கூட்டிப் போன மூன்று பேரும் சரியான அறை வாசலில், வரிசையின் கடைசியில் போய் நின்றார்கள். நான்காவது ஆள் என்னையும் உதவியாள் என்று நினைத்து, தன் கட்டி எங்கே இருக்கிறது என்று என் காதில் சொன்னார். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது.

அன்று மாலையே நோட்டில் பலகை யோசனையைக் கோடு போட்டு அடித்துவிட்டு, இவர் கட்டாயம் வேண்டும், கவுண்டரில் தமிழ் தெரிந்த இன்னொருவரும் வேண்டும் என்று அறிக்கையை டைப் செய்து அவரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இங்கிலீசுங்களா? இதுல என்ன இருக்குதோ, யாரு கண்டா? தமிழ்ல எழுதிக் குடுங்க."

எழுதினேன். இரண்டு முறை படித்தார்.

"கையெழுத்து?"

போட்டேன். அதுவும் போதவில்லை, சாட்சிக் கையெழுத்துக்கு நர்ஸைக் கூப்பிட்டார். தமிழ் தெரியாத அவர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தன் வேலைக்கு இதனால் ஒன்றும் ஆகாதே என்று உதவியாளிடம் கன்னடத்தில் மூன்று தடவை கேட்ட பிறகுதான் பேனாவைத் திறந்தார்.