ஜன்னலுக்கு மேலே நின்ற ஆள்

அந்தத் தெருவில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. சாட்சியம்மா என்றால்தான் தெரியும். கல்யாணத்துக்கு முன்பே சலவைக்கடையில் துணி தேய்க்க வந்தவர். தேய்க்கிற அறை தரைக்குக் கீழே. ஆவியில் முகம் வெந்துபோகும். மூச்சுவிட இருந்த ஒரே ஜன்னல் தலைக்கு மேலே, தெருவின் தரை மட்டத்தில் இருந்தது. அண்ணாந்தால் போகிறவர் வருகிறவர் தெரிவார்கள்.

எதிரே கடிகாரம் ரிப்பேர் செய்கிறவரின் கடை. ஒரு மழைநாள் சாயங்காலம் அந்த நல்ல மனிதரை யாரோ கடைக்குள்ளேயே குத்திப் போட்டுவிட்டுப் போனார்கள். கடைக்கதவைச் சாத்திவிட்டுத் தெருவைக் கடந்து வந்து, ஜன்னலோரம் ஒரு கணம் நின்று, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு போன ஆளைப் பார்த்தவர் சாட்சியம்மா ஒருவர்தான்.

"எப்படிம்மா இருந்தான்?" என்று போலீஸ்காரர் கேட்டார்.

"நல்ல உயரம் சார்."

"நம்ம ஏணி அளவுக்கா?"

தெருவிளக்கு மாற்றுகிறவருக்கு ஊர் வைத்த பெயர் ஏணி. நிலைப்படியில் இடிக்காமல் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய மாட்டார். பயந்துபோயிருந்த சாட்சியம்மா, "இருப்பான் சார்" என்று தலையாட்டினார். அவ்வளவுதான். ஏணியைப் பிடித்தார்கள், விசாரித்தார்கள், ஒன்றும் கிடைக்காமல் விட்டார்கள். ஊர் விடவில்லை. பேசி முடித்திருந்த பெண்ணை அவருக்குக் கொடுக்கவில்லை. அவர் கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். கொன்றவன் யாரென்று இன்றுவரை தெரியாது.

சாட்சியம்மாவுக்குக் கல்யாணமானது, மகள் பிறந்தாள். எங்கே நாலு பேர் கூடினாலும் அந்தக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். "போன தடவை அவனுக்கு மீசை இல்லையேடி, அதுக்குள்ள வளந்துடுச்சா?" என்று புருஷன் கிண்டலடித்தால் அன்றைக்கு அவரோடு பேச்சு கிடையாது. புருஷன் போய்ச் சேர்ந்து நாளாகிறது. கொன்றவன் அகப்பட வேண்டும் என்று சாட்சியம்மா கடவுளைக் கும்பிடாத நாள் இல்லை.

போன மாதம் ஒரு புத்தகக்காரர் வந்தார். துப்புத் துலங்காத பழைய கொலைகளைப் பற்றி எழுதுகிறவர். சாட்சியம்மா சொன்ன கதையை டேப்பில் பிடித்துக்கொண்டார். இப்போது போட்டோ எடுக்க மறுபடி வந்து, பழைய தேய்க்கிற அறைக்கே அவரையும் மகளையும் கூட்டிப் போனார்.

"ஏணிதான்னு பேரைப் போட்டே எழுதியிருக்கேம்மா. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா அச்சுக்குப் போயிடும். அவன் நின்ன இடத்துல உங்க மகளை நிக்கச் சொல்லுங்க."

மகள் மேலே போய் நின்றாள். பரணில் இருக்கும் டப்பாவை எடுக்க முக்காலி தேடுகிற குள்ளமான பெண் அவள். சாட்சியம்மா அண்ணாந்தார். மகளின் கால்கள் தூண் மாதிரி ஏறிக்கொண்டே போயின. முகம் எங்கேயோ ஆகாயத்தில் இருட்டாகத் தெரிந்தது.

"ஏய், எதுமேலடி ஏறி நிக்கிற?"

"எதுமேல ஏறுறது? தரையிலதான் நிக்கிறேன். நீயுமா என்னைக் கேலி பண்ற?"

சாட்சியம்மா இஸ்திரி மேஜையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, இங்கேருந்து பாத்தா எல்லாருமே ஏணிதான்."

"அட, உயரத்தை விடுங்கம்மா. மீசை சொன்னீங்களே?"

மீசை. எத்தனை யோசித்தும் அந்த மழைக்குள் மீசை தென்படவில்லை. பிறகு பேப்பரில் ஏணியின் படம் போட்டார்களே, அதில்தான் இருந்தது.

"நான் பாத்தது ஒரு ஆளு. அவ்வளவுதான். அவர்தான்னு சொல்ல மாட்டேன்."

"வயசாச்சு, மறந்திருக்கும். பரவாயில்ல, டேப்ல தெளிவா சொல்லியிருக்கீங்க. அது போதும்" என்று புத்தகக்காரர் கேமராவைப் பையில் போட்டார்.

"தம்பி, வேணாம்! ஒரு மனுஷனைக் கொன்னுடாதீங்க!"

அவர் படியேறிப் போயே விட்டார். பின்னாலேயே ஏறிய சாட்சியம்மா ஏணியின் வீட்டுப் பக்கம் திரும்பினார்.

"அம்மா, அந்த வீட்டுக்கா? உனக்கென்ன பைத்தியமா?" என்று மகள் கையைப் பிடித்தாள். அவர் உதறிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார்.

ஏணி நிலைப்படியில் குனிந்து கதவைத் திறந்தார். நடந்ததையெல்லாம் சாட்சியம்மா மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார்.

"அப்போ அது யாரு?" என்றார் ஏணி.

"தெரியலைங்க. சத்தியமா எனக்குத் தெரியல."

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா என்னம்மா?"

ஏணி செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார்.

"வாங்க. அந்த ஆள்கிட்ட என் முன்னாடி சொல்லுங்க."

ரொட்டிக்கடை வாசலில் புத்தகக்காரர் வாங்கின ரொட்டியோடு கார் கதவைத் திறந்துகொண்டிருந்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் இவர்களைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரர் எடைபோடுவதை நிறுத்தினார். சாட்சியம்மா கடவுளே என்று ஒருமுறை சொல்லிக்கொண்டு வாயைத் திறந்தார்.

"நான் பாத்தது இவரை இல்ல. யாருன்னு எனக்குத் தெரியாது."

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல" என்றார் ஏணி.

சாட்சியம்மா மறுபடியும் சொன்னார்.