விரலால் ஒரு கையெழுத்து: ஆய்வில் சேரலாமா என்று புதுச்சேரியைச் சுற்றிய நாள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குப் போனேன். ஊர் பார்க்க அல்ல. எனக்குச் சர்க்கரை நோய். வலது கால் கட்டைவிரலில் ஒரு புண் எட்டு மாதமாக ஆறவில்லை. அங்கே நான் காட்டுகிற மருத்துவமனையில் அந்த மாதிரிப் புண்ணுக்குப் புதுக் களிம்பு ஒன்றை வைத்து ஆய்வு நடக்கிறது. சேர விருப்பமா என்று கேட்டிருந்தார்கள்.

காலை ஏழரைக்குப் பஸ். நாற்பது கிலோமீட்டர்தான், ஒன்பதுக்குள் இறங்கிவிடலாம். காலில் கட்டு இருப்பவர்களுக்கு ஜன்னலோரம் சரிப்படாது; நடைபாதைப் பக்கம் உட்கார்ந்தால் நீட்டிக்கொள்ளலாம். கூட என் மனைவி செல்வி வந்தாள். வழியெல்லாம் நான் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தேன்.

கையெழுத்துப் போட வேண்டியிருக்குமே என்று பேனா எடுத்துப் போயிருந்தேன். தேவைப்படவில்லை. ஆய்வைக் கவனிக்கும் தீபா என்ற பெண் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தார். தமிழில் வீடியோ ஓடியது. புரியாத சொல்லைத் தொட்டால் விளக்கம் வந்தது. கடைசியில் சில கேள்விகள். சரியாகப் பதில் சொன்னால்தான் 'சம்மதிக்கிறேன்' என்ற பட்டன் திறக்கும்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, ஒரு பக்கம் வரும்வரை. சேருகிறவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிப்பார்களாம். பாதிப் பேருக்குப் புதுக் களிம்பு, மீதிப் பேருக்கு வழக்கமான களிம்பு. டியூப் ஒரே மாதிரி. எது யாருக்கு என்று டாக்டருக்கும் தெரியாது. எனக்குப் பழையதே வந்துவிட்டால் என்று அந்த இடத்தில் தயங்கினேன்.

வீட்டுக்குப் போய் யோசித்தும் சொல்லலாம், அவசரமில்லை என்று தீபா அதே பக்கங்களின் இணைப்பை என் போனுக்கு அனுப்பினார். செல்வியின் போனில் திரை பெரிது என்பதால் அவளுக்கும் அனுப்பிவைத்தேன். நாலு மணிக்குள் வருகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

ஆட்டோவில் பீச் ரோடு போகச் சொன்னேன். கடலைப் பார்த்து உட்கார முடியவில்லை. முத்தியால்பேட்டைக்கு விடச் சொன்னேன். போய்ச் சேர்வதற்குள் இன்னும் வடக்கே கனகசெட்டிக்குளம் வரை போனால் காற்றாட இருக்குமே என்று தோன்றியது. ஆட்டோக்காரர் வண்டியை ஓரங்கட்டினார். "சார், மொதல்ல எங்க போறதுன்னு முடிவு பண்ணிக்கோங்க. நான் எங்க வேணா வரேன்." முத்தியால்பேட்டையிலேயே இறங்கிக்கொண்டோம். இருநூறு ரூபாய் கேட்டார். அவ்வளவு சுற்றியதற்கு நியாயம்தான்.

டீக்கடை பெஞ்சில் செல்வி உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நடக்கக் கூடாத காலோடு கடைவாசலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நொண்டிக்கொண்டிருந்தேன். சட்டைப் பையில் என் போன் அதிர்ந்தது. ஆய்வுக்கான சம்மதத்தை உறுதி செய்யும் ஓடிபி.

நான் எதையும் தொடவில்லையே என்று திரும்பினேன்.

"நம்பர் வந்திருக்கும். சொல்லுங்க," என்றாள் செல்வி. கேள்விகளுக்கெல்லாம் அவளே பதில் போட்டுப் பட்டனையும் அழுத்தியிருந்தாள்.

கோபம்தான் வந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "விரலை எடுக்க வேண்டி வரலாம்னு டாக்டர் சொன்னாரே, அது உங்க காதுல விழவே இல்ல. எனக்கு ராத்திரியெல்லாம் அதேதான் கேக்குது."

நான் நம்பரைச் சொல்லவில்லை. டீயையும் குடிக்கவில்லை. அடுத்த ஆட்டோவில் மருத்துவமனைக்குத் திரும்பினோம்.

நடந்ததைத் தீபாவிடம் சொன்னேன். அவர் செல்வியைக் கடிந்துகொள்ளவில்லை. அந்தப் பதிவை ரத்து செய்துவிட்டு, அவளைச் சற்று வெளியே இருக்கச் சொன்னார். பிறகு என்னிடம், வேண்டும், வேண்டாம், இன்னும் யோசிக்க வேண்டும், மூன்றில் எதைச் சொன்னாலும் சரிதான் என்றார். எனக்குப் பழைய களிம்பே வந்து, புண் பெரிதானால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். வாராவாரம் பார்ப்போம், மோசமானால் டாக்டர் நிறுத்திவிட்டு வேண்டிய சிகிச்சையைத் தொடங்குவார், நீங்களாகவும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், உங்கள் வைத்தியத்துக்கு அதனால் ஒரு குறையும் வராது என்றார்.

"புது மருந்து கேக்குமா?" என்றேன்.

"தெரியாது சார். தெரிஞ்சிருந்தா இந்த ஆய்வே தேவையில்ல."

காலையிலிருந்து கேட்டதிலேயே எனக்குத் தெம்பு தந்த பேச்சு அதுதான். முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்த்தேன். ஒரு கேள்விக்குத் தப்பாகப் பதில் சொல்லி, திரும்பவும் படித்தேன். பிறகு புதிதாக வந்த ஓடிபியை நானே போட்டு, கண்ணாடித் திரையில் விரலால் கையெழுத்துப் போட்டேன். கிறுக்கியது போலத்தான் இருந்தது. செல்லும் என்றார் தீபா.

திரும்பும் பஸ்ஸில் பாதி வழி தாண்டியபின் செல்வி கேட்டாள்: "எனக்காகப் போட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப சரி," என்று என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

இப்படி ஒரு வேலையாகப் போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், சார்ஜரை மறக்காதீர்கள். சம்மதப் பிரதியைப் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரையும் கலந்து பேசுங்கள். ஓடிபியை மட்டும் நீங்களே போடுங்கள். முடிவாகாவிட்டால் போடாமலே பஸ் ஏறுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

எனக்கு இது ஐந்தாவது வாரம். புண் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. எந்த டியூப் என்று தெரியவில்லை. செல்விதான் தினமும் களிம்பு போட்டுவிடுகிறாள். அது காய்கிறவரை காலை அவள் மடியில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன்.