எண்பதுகளின் கடைசிக் கேள்வி

மைக்கை முடுக்கியதும் கீச்சென்று ஓர் ஒலி எழும்பித் தோட்டத்து மண்டபத்தின் தகரக் கூரையில் முட்டித் திரும்பும். இந்த ஆண்டும் எழும்பியது. இந்த ஆண்டு மைக் என் கையில். முன்வரிசையில், கழுத்தைச் சுற்றிப் பருத்தித் துண்டோடு அண்ணி அமர்ந்திருந்தார். முன்பெல்லாம் அந்த ஒலி கேட்டதும், "கத்தாதடி, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல" என்பார். மைக்கைத்தான் சொல்வார். கூட்டம் சிரித்து அடங்கும்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிதறிப்போனவர்கள் ஆண்டுக்கொரு முறை மலையேறி வந்து கூடுவார்கள். கம்போங் ராஜாவில் காய்கறி பயிர்செய்யும் உறவுகள் லோரியில் வந்து இறங்கும். சாப்பாடு முடிந்ததும் புதிர்ப் போட்டி. எழுபதுகள், எண்பதுகள், தொண்ணூறுகள் என்று பத்தாண்டுக்கு ஒரு சுற்று. ஒரே லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்தவர்கள் ஓர் அணி. கேள்விகள் எல்லாம் அண்ணியுடையவை. எந்த வளைவில் மண் சரிந்து பள்ளிக்கூட வண்டி நின்றது, தோட்டத்துக் கணக்கெழுதிய எந்தக் கிராணி நாயை முன்னே நடக்கவிட்டுப் பின்னே வந்தார். நாங்கள் மறந்தால் உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாதவை மட்டுமே கேட்பார்.

எண்பதுகளின் கடைசிக் கேள்வி மட்டும் மாறாது. லயத்துக்கு முதல் கலர் டிவி கொண்டுவந்தது யார்? போர்வையில் சுற்றித் தோளில் வைத்து, பனிமூட்டத்துக்குள் மேடேறி வந்தவர் என் அண்ணன். பிள்ளைகளுக்கும் தெரிந்த விடை. ஆனால் விடையைப் போட்டி நடத்துபவர்தான் அறிவிக்க வேண்டும். அண்ணியோ அவர் காலத்துப் பெண்கள் பலரையும்போல, கணவர் பெயரை வாயால் சொன்னதே இல்லை.

"எங்க வீட்டுக்காரரு" என்பார்.

"அப்படி ஒரு பேரப் பெரட்டுல கூப்பிட்டதே இல்லியே" என்பார், காலைப் பெரட்டில் ஆள்கணக்கு எடுத்த பழைய கங்காணி.

"பேரச் சொன்னாத்தான் மார்க்கு லா" என்று கூட்டம் கத்தும்.

"போனாப் போவுது லா, உங்க மார்க்கு. அடுத்த சுத்து."

பின்வரிசையில் அண்ணன் தலைகுனிந்து சிரிப்பார்.

போன ஆண்டு, கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பு, அண்ணிக்குத் தொண்டையில் புற்று என்றார்கள். குரல்வளையை எடுத்துவிட்டால் உயிர் தங்கும்; குரல் தங்காது. அண்ணனுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். இந்த முறை நீங்கள் நடத்த வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"இந்தக் கொரல எங்க சேத்து வைக்கப் போறேன், தம்பி?" என்றார்.

எழுபதுகளை நான் வாசித்தேன். எண்பதுகளுக்கு அவர் எழுந்தார். மணலில் இழுபடும் குரல். தடுமன் என்று கூட்டம் நினைத்தது. கடைசிக் கேள்வி வந்தது, வழக்கமான கேலியும் வந்தது. அண்ணி சிரிக்கவில்லை. மைக்கை உதட்டருகே கொண்டுபோய் அண்ணனின் பெயரைச் சொன்னார். முழுப் பெயரையும், நிதானமாக, ஓர் எழுத்தும் தேயாமல்.

எங்கோ தொடங்கிய கைதட்டல் பாதியில் நின்றது. சிரிக்கத் திறந்த வாய்கள் மூடின. அந்த ஒரு பெயரிலிருந்து மண்டபமே செய்தியைத் தெரிந்துகொண்டது. பின்வரிசையில் அண்ணன் மெல்ல எழுந்து, பெரட்டில் பெயர் கூப்பிடப்பட்டவர்போல விறைத்து நின்றார்.

இந்த ஆண்டு அந்தக் கேள்வியை நான் கேட்டேன். யாரும் கேலி செய்யவில்லை. அண்ணி கையை மட்டும் உயர்த்தி அண்ணனைச் சுட்டினார். பெயரை நான்தான் அறிவித்தேன். என் வாயில் அது வெறும் விடையாக இருந்தது.

அண்ணியின் குரலை நான் கடைசியாகக் கேட்டது போன ஆண்டுக் கூட்டம் முடிந்த பிறகு, ஈப்போ மருத்துவமனையில், விடிந்தும் விடியாத பொழுதில். அறுவைக் கூடத்து வாசலில் கட்டில் நின்றது. அண்ணன் குனிந்து, நாங்கள் யாரும் கேட்டிராத ஒரு சின்னக் குரலில், "இன்னொரு தடவ சொல்லு" என்றார். அண்ணி அவர் முகத்தையே பார்த்துக் கிடந்தார். தாதி கட்டிலைத் தள்ளத் தொடங்கினாள்.

"அதான் அன்னிக்கு எல்லாரும் கேட்டாங்கள்ல. போங்க, மொதல்ல போயி பசியாறுங்க."