நூலகம் தவிர மற்ற எல்லாம்

பாடசாலை நூலக உதவியாளருக்கு ஒருநாளும் செய்யக் கிடைக்காத வேலை நூலக வேலைதான். பதவிப் பெயரின் வாலில் ‘உதவியாளர்’ என்ற சொல்லைச் சுமக்கிற எல்லாருக்கும் இது விளங்கும். யாருக்கு உதவி, எதில் உதவி என்று நியமனக் கடிதத்தில் விபரம் இராது. ஆகவே கேட்கிற எல்லாருக்கும், கேட்கிற எல்லாவற்றிலும். சாவகச்சேரிக்குக் கிட்ட ஒரு அரசாங்கப் பாடசாலையில் நான் ஐந்து வருடம் இப்படி உதவினேன். அந்த ஐந்து வருடத்தில் ஆறுதலாக இருந்து ஒரு புத்தகத்தை முழுதாக வாசித்த ஞாபகம் எனக்கில்லை. உங்கள் பாடும் அப்படித்தான் இருக்கும். ஆகவே தேத்தண்ணி ஆறமுதல் இதை வாசித்து முடியுங்கள்; யாராவது கூப்பிட்டுவிடுவார்கள்.

முதல் நாள்

நூலகப் பூட்டின் திறப்பைக் கையில் தந்தவர் பாடசாலை அதிபர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வேகமாக நடப்பார், நடந்தபடியே கதைப்பார். அறையைத் திறந்தேன். நாலு அலுமாரி, இரண்டு நீள மேசை, யன்னலோரம் ஒரு கதிரை. கதிரையைத் துடைத்துவிட்டு இருக்கப் போன நேரம் ஒரு பிள்ளை வந்து நின்றாள். “மிஸ், எட்டாம் ஆண்டுக்கு ரீச்சர் வரேல்லை. உங்களைப் போகட்டாம்.” போனேன். அது முடிய ஏழாம் ஆண்டு. அது முடிய, கந்தோரில் ஒரு கடிதம் ரைப் பண்ண ஆளில்லை என்றார்கள்.

பாடசாலை விடுகிற மணி அடித்தபோதுதான் திரும்பி வந்தேன். கதிரையைக் காணவில்லை. கூட்டமொன்றுக்கு யாரோ தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். வாசலில் அதிபரைக் கண்டு, “சேர், நான் இன்னும் புத்தகங்களைப் பாக்கவேயில்லை” என்றேன். அவர் நிற்காமலே சொன்னார்: “புத்தகம் எங்கை பிள்ளை ஓடப்போகுது? மனிசர்தான் ஓடிக்கொண்டு திரியினம்.”

மைக்

பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினர் வாயைத் திறக்கவும் மைக் கீச்சிட்டது. பக்கத்தில் நின்றவள் நான். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த வயரை இழுத்துத் திருப்பிச் செருகினேன். சத்தம் நின்றது. நான் செய்த பிழை அதுதான். அன்றிலிருந்து விளையாட்டுப் போட்டியா, சரஸ்வதி பூசையா, பெற்றோர் கூட்டமா, மைக் பெட்டிக்குப் பக்கத்தில் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் இழுப்பதும் செருகுவதும் மட்டும். அடுத்த வருட ஆசிரியர் தின விழாவில் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது சாவகச்சேரி முழுக்க மின்சாரம் நின்றது. கணித ஆசிரியர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்: “மாலதி, கரண்ட் போட்டுது. ஒருக்கா வந்து பாருங்கோவன்.”

நிற ஒழுங்கு

வலயக் கல்விக் கந்தோரிலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்றதும் எனக்கு மற்ற வேலைகளிலிருந்து மூன்று நாள் விடுதலை கிடைத்தது. புத்தகங்களை இலக்கப்படி அடுக்கி, முதுகில் தாள் ஒட்டி, தூசு தட்டி, இருமி, முடித்தேன். கடைசி நாள் பத்து மணிக்கு என்னை மண்டபத்தில் பூச்சாடி வைக்கக் கூப்பிட்டார்கள். ஒரு மணித்தியாலத்தில் வந்து பார்த்தால் அலுமாரிகள் வானவில்லைப் போல நிற்கின்றன. சிவப்பு மட்டைகள் ஒரு தட்டு, பச்சை ஒரு தட்டு, நீலம் ஒரு தட்டு. சித்திர ரீச்சர் சந்தோசமாகக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். விஞ்ஞானமும் சமையலும் சமயமும் நிறத்தால் ஒன்றாகியிருந்தன.

திருத்த நேரமில்லை. வாகனம் வாசலில் வந்துவிட்டது. வந்த அதிகாரி ஒரு புத்தகத்தையும் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் நடந்தார். அவர் அதிபரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “எத்தினையோ பள்ளிக்கூடம் பாத்திட்டன். லைபிரரியை இவ்வளவு ஒழுங்கா வைச்சிருக்கிறது நீங்கள் மட்டும்தான்.”

ஒரு தாய்

சந்தையில் மரக்கறி விற்கிற ஒரு தாய் ஒருநாள் பையோடு நேரே என்னிடம் வந்தா. அதிபரைத் தேடவில்லை, வகுப்பாசிரியரைத் தேடவில்லை. அவவின் மகள் தர்சிகா பத்தாம் ஆண்டு. அந்தப் பிள்ளைக்கு நான் கொடுத்தது ஒரு தவணையின் மூன்று மாதத்திலும் இரண்டே இரண்டு புத்தகம். அதற்குமேல் கொடுக்க அறை திறந்திருந்தால்தானே. ஐந்து வருடத்தில் என்னை நூலகக்காரியாக மதித்து ஒருவர் தேடி வந்தது அதுதான் முதல்தரம். நான் எழும்பிக் கதிரையைக் கொடுத்தேன். அவ இருக்கவில்லை.

“வாற வருசம் சோதினை. கும்பிட்டுக் கேக்கிறன் மிஸ், என்ரை பிள்ளைக்குப் புத்தகம் குடுக்காதேங்கோ.”

ஒழுங்கை முகப்பு

எனக்கு வீடு தொண்டைமானாற்றில், பஸ் றோட்டிலிருந்து பிரிகிற ஒரு சின்ன ஒழுங்கைக்குள். நெல்லியடிக்கு ஒரு பஸ், கொடிகாமத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து சாவகச்சேரிக்கு இன்னொன்று. காலையில் இருட்டோடு வெளிக்கிட்டால்தான் மணிக்கு முன்னம் போய்ச் சேரலாம். கணவருக்குக் கொழும்பில் வேலை. மகள் ஆரணி முதலாம் ஆண்டு. அவளுக்குப் பதினொன்றரைக்கே பள்ளிக்கூடம் விடும். அதற்குப் பிறகு நான் வரும்வரைக்கும் பக்கத்து வீட்டுச் செல்வமக்கா வீட்டில் இருப்பாள்.

ஒருநாள் பாடசாலை விட்டபிறகு ஒரு கூட்டம் வைத்தார்கள். மைக் எடுத்துவைக்க நான் நிற்கவேண்டும். கொடிகாமத்தில் பஸ் தவறியது. அடுத்தது வழியில் பழுதாகி நின்றது. எனக்கு இருக்கவும் ஏலவில்லை, நிற்கவும் ஏலவில்லை. றோட்டில் இறங்கிக் கொஞ்சத்தூரம் நடந்தேன், திரும்பி வந்தேன், திரும்பவும் நடந்தேன். வீட்டுக்குப் போய்ச்சேர ஐந்தேமுக்கால். ஆரணி பள்ளிச்சட்டையோடு செல்வமக்காவின் பாயில் நித்திரை. கையில் புத்தகப் பை. நான் வந்ததும் போவதற்கு ஆயத்தமாகப் பிடித்துக்கொண்டே படுத்திருக்கிறாள். செல்வமக்கா என்னை ஒரு சொல்லும் ஏசவில்லை. “நாலு தரம் ஒழுங்கை முகப்புக்குப் போய்ப் பாத்திட்டு வந்தது பிள்ளை” என்றா.

சுகந்தி

அந்தக் கிழமையே ஆள் தேடத் தொடங்கினேன். பரஸ்பர இடமாற்றம் என்று ஒன்று இருக்கிறதே, நான் உங்கள் இடத்துக்கு, நீங்கள் என் இடத்துக்கு, அதற்குத்தான். எங்கள் உத்தியோகத்தர் வட்ஸ்அப் குழுவில் சுகந்தி அகப்பட்டாள். வீடு சாவகச்சேரி, வேலை தொண்டைமானாற்றுப் பக்கம் ஒரு பாடசாலை நூலகம். அவளுடைய தகப்பனுக்கு நடக்க ஏலாது, பார்க்க வேறு ஆளில்லை. போனில் நான் என் நூலகத்தைப் புகழ்ந்தேன்: விசாலமான அறை, ஒருவரும் கரைச்சல் தரமாட்டார்கள். அவளும் தன்னுடையதைப் புகழ்ந்தாள்: நல்ல காத்து, வேலையே இல்லை. ஒருநாள் லீவு போட்டுப் பார்க்க வருகிறேன் என்றாள்.

அவள் வந்த காலை எட்டரைக்கு நூலகத்தில் தடுப்பூசி போடத் தொடங்கியிருந்தார்கள். வேறு அறை இல்லையாம். நீள மேசையில் ஊசி மருந்து, வாசலில் ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளின் வரிசை, உள்ளுக்குப் போனவர்களின் அழுகை, அதைக் கேட்டு வெளியே நிற்பவர்களின் அழுகை. தாதி தண்ணீர் கேட்கிறா, கணித ஆசிரியர் ஒன்பதாம் ஆண்டுக்குப் போகச்சொல்கிறார், ஒரு பிள்ளை மயங்கிச் சரிகிறாள். சரிந்த பிள்ளையைப் பிடித்தது சுகந்தி. கைப்பையைக் கீழே போட்டுவிட்டு, அவளின் தலையை மடியில் வைத்து, ஒரு கொப்பியால் விசிறினாள்.

எல்லாம் முடிந்து இரண்டு பேரும் மேசை விளிம்பில் இருந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது. “சுகந்தி, நான் போனிலை சொன்னது முழுக்கப் பொய்” என்றேன். அவள் சிரித்துவிட்டாள். “நானும்தான் அக்கா. எங்கடை லைபிரரி மேடைக்குப் பின்னாலை ரண்டு அலுமாரி. அதிலை ஒண்டின்ரை திறப்பும் துலைஞ்சுபோச்சு.”

சிபாரிசு

இடமாற்றக் கடிதத்தில் இரண்டு பாடசாலை அதிபர்களும் சிபாரிசு செய்து ஒப்பமிடவேண்டும். அவளுடைய அதிபர் ஒரே நாளில் ஒப்பமிட்டுவிட்டார். என்னுடையவர் கடிதத்தை நடந்துகொண்டே வாசித்தார். பிறகு நின்றார். அவர் நின்றதை அன்றுதான் கண்டேன். ரீச்சர் வராத வகுப்புகள், மைக், ரைப்பிங், பூச்சாடி, தடுப்பூசி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் இல்லாவிட்டால் பாடசாலை நடக்காதாம். ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பிறகுதான் அவர் கடிதத்தைத் திருப்பித் தருகிறார் என்று விளங்கியது. “மகள் சின்னப்பிள்ளை சேர்” என்றேன். “விளங்குது” என்றார். உண்மையாகவே விளங்கியிருக்கும், அவர் கெட்டவரில்லை. “ஆனா வேலை தெரிஞ்ச ஆளை ஆர் பிள்ளை விடுவினம்?”

கதவு

அன்றிரவு சுகந்தி எனக்குப் போன் எடுத்தாள். வேறொருவர் அவளிடம் மாற்றம் கேட்கிறாராம். மாதமுடிவுவரைக்கும் எனக்காகப் பொறுத்திருப்பாளாம். எனக்கு அதிபர்மேல் வந்தது கோபம். திட்டம் ஒன்றும் இருக்கவில்லை. திங்கட்கிழமை காலை நூலகக் கதவில் ஒரு தாள் ஒட்டினேன்: ‘ஏழரை முதல் ஒன்றரை வரை திறந்திருக்கும்.’ உள்ளே போய் இருந்தேன். முதலாம் பாடத்துக்கே ஒரு வகுப்புக்குப் போகச்சொல்லிக் கணித ஆசிரியர் வந்தார். “எனக்கு லைபிரரியிலை வேலை கிடக்கு சேர்” என்றேன். அவர் என்னைப் பார்த்தார், அலுமாரியைப் பார்த்தார், போய்விட்டார். இடைவேளையில் ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. வெளியில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் கால்கள் தாமாக எழும்பின. மேசையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

இரண்டாம் நாள் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். நாலாம் நாள் வகுப்பாகவே வந்தார்கள். நிறங்களைக் கலைத்துத் திரும்பவும் இலக்கத்துக்குக் கொண்டுவந்தேன். தர்சிகாவும் வந்தாள். புத்தகம் தரமாட்டேன் என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். “வீட்டை கொண்டுபோகேல்லை மிஸ், இஞ்சை நிண்டு வாசிக்கிறன்” என்றாள். அம்மாவைக் கேட்டுக்கொண்டு வா என்று அனுப்பினேன். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அடுத்தநாள் ஒரு துண்டு கொண்டுவந்தாள். கொப்பித் தாளில், தாயின் கையெழுத்தில்: “இடைவேளையில் மட்டும். பிந்தினால் நான் வருவேன்.”

ஒப்பம்

மூன்றாவது கிழமை ஒரு கூட்டத்துக்கு மைக் போட வேறு ஒருவரைப் பிடித்திருந்தார்கள். அவரும் இழுத்துத்தான் செருகினார். அது வேலை செய்தது. கந்தோரில் ஒரு புது ரீச்சர் ரைப் பண்ணிக்கொண்டிருந்தா. மாதமுடிவுக்கு இரண்டு நாள் இருக்க, அதிபர் நூலக வாசலில் வந்து நின்றார். உள்ளே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் தலை குனிந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். நன்றாக இருக்கிறது என்று சொல்லமாட்டாரா என்று ஒரு கணம் ஏங்கினேன், அதை மறைப்பானேன். அவர் கையை நீட்டினார். “அந்தக் கடிதத்தைத் தாங்கோ” என்றார்.

யன்னல் விளிம்பில் வைத்தே ஒப்பமிட்டார். பேனையை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, கோபமில்லாமல், நியாயமான மனிதர் சொல்வதுபோலச் சொன்னார்: “முந்தியெண்டா விட்டிருக்கமாட்டன் பிள்ளை. இப்ப நீங்கள் லைபிரரியை மட்டும்தானே பாக்கிறியள், அதுக்கு ஆரும் வரலாம்.”

இப்போது நான் சுகந்தியின் இடத்தில், அவள் என் இடத்தில்; ஆரணி பள்ளிக்கூடம் விட்டதும் ஐந்து நிமிடத்தில் என்னிடம் வந்துவிடுகிறாள். நூலகத்தை விட்டு வெளியேற ஒரே வழி நூலக வேலையைச் செய்வதுதான் என்று கண்டுபிடிக்க எனக்கு ஐந்து வருடம் பிடித்தது, நீங்கள் கொஞ்சம் கெதியாகக் கண்டுபிடியுங்கள்.