புரோகிராமில் இல்லாத வீடு

கன்றுக்குட்டியின் கழுத்தில் ஒரு வருஷம் கிடந்த தகர வில்லைக்கு என்று ஒரு வாடை உண்டு. துருவும் வியர்வையும் காய்ந்த பாலும் கலந்த அந்த வாடை எவ்வளவு புளி போட்டுத் தேய்த்தாலும் போகாது என்பதை ஒன்பது வயதில், ஒரு மே மாதத்து விடியற்காலையில், ஓசூர் பஸ் நிறுத்தத்தில் நின்றபடி நான் கற்றுக்கொண்டேன். என் கழுத்தில் தொங்கிய வில்லையில் 214 என்று அடித்திருந்தது. தம்பிகள் இருவரும் 187, 209. நாங்கள் குடும்பத்தோடு பெங்களூரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பியிருந்தோம்.

அறுபதுகளின் கடைசி அது. ஓசூரில் இன்றைக்கு இருக்கும் தொழிற்சாலைகளில் ஒன்றுகூட அப்போது இல்லை. சம்பளம் என்று ஒன்று வாங்க வேண்டுமானால் தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே இருந்த அரசாங்க மாட்டுப்பண்ணை. என் அப்பா அந்தப் பண்ணையில் குமாஸ்தா. எந்த மாட்டுக்கு எத்தனை படி பிண்ணாக்கு என்று மூன்று பிரதியில் எழுதுவதுதான் அவர் வேலை என்றாலும், நாடே தன் கார்பன் தாளில்தான் ஓடுகிறது என்ற நினைப்பு அவருக்கு உண்டு. "பெங்களூரா? கண்ணக் கட்டி விட்டாலும் சுத்தி வந்துடுவன்" என்பார். அவர் அதுவரை அங்கே போனது மூன்றே முறை, மூன்றும் மாட்டு மருந்துப் பெட்டி எடுத்துவர.

எங்களை அழைத்துப் போக அவர் இரண்டு மாதம் திட்டம் போட்டார். வீட்டில் அதற்குப் பெயர் "புரோகிராம்". பஸ் எத்தனை மணிக்கு, இட்லி எத்தனை மணிக்கு, விதான சௌதாவை வெளியே நின்று பார்க்க எத்தனை நிமிஷம் என்பதெல்லாம் அதில் இருந்தன. பிள்ளைகள் "ஒண்ணுக்கு" போவதற்கும் காலை பத்தேகால், மதியம் இரண்டரை என்று இரண்டு நேரம் ஒதுக்கியிருந்தார். நடுவில் வந்தால் அடக்கிக்கொள்ள வேண்டியது எங்கள் பொறுப்பு. வழக்கம்போல மூன்று பிரதி: ஒன்று அவர் சட்டைப்பையில், ஒன்று அம்மாவின் பையில், ஒன்று வீட்டுக் கடிகாரத்துக்கு அடியில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தெருவில் எங்களை வரிசையாக நடக்கவிட்டு "ஒத்திகை" வேறு பார்த்தார். எதிர்வீட்டுக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். நான் அவர்களைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி நடந்தேன்.

அந்தத் தாளில் இல்லாத ஒரே இடம் என் சித்தியின் வீடு. அம்மாவின் ஒரே தங்கை லில்லி சித்தி, அப்பா தன் ஒன்றுவிட்ட தம்பிக்குப் பேசிவைத்திருந்த கல்யாணத்தை வேண்டாம் என்று சொல்லி, அச்சாபீஸில் வேலை பார்த்த ஒரு கன்னடக்காரரை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு பெங்களூருக்குப் போய்விட்டாள். மாதா கோயிலில் தாலி கட்டவில்லை என்பது ஊருக்குச் சொன்ன காரணம். தன் பேச்சை ஒரு சின்னப் பெண் மதிக்கவில்லை என்பதுதான் அப்பாவின் உண்மையான காயம். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருந்த தங்கையை அம்மா ஆறு வருஷமாகப் பார்க்கவில்லை. இந்தப் பயணத்துக்கு அவள் சரி என்றதே அதற்காகத்தான் என்று எனக்குத் தெரியும்.

புறப்படுவதற்கு முந்தின நாள் சாயங்காலம், அப்பா துணிமணிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டாள்.

"அரமணி நேரம் போதுங்க. வாசல்லயே நின்னு பாத்துட்டு வந்துடறன்."

"புரோகிராம்ல எடம் இல்ல" என்றார் அப்பா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல். லால்பாக் தோட்டத்தில் ஓய்வு என்று அவர் கையாலேயே எழுதிய முழு அரைமணி நேரம் அதில் இருந்தது.

அதன் பிறகுதான் வில்லைகள் வந்தன. பண்ணையில் கழித்துப்போட்ட மூன்றைக் கொண்டுவந்திருந்தார். ஒரு கன்றை வெளியூருக்கு அனுப்பினால் அதன் வில்லைக்குப் பின்னால் தாள் ஒட்டி, "போய்ச் சேரும் இடம்" என்று எழுத வேண்டும் என்பது பண்ணை விதி. கூட்டத்தில் பிள்ளை காணாமல் போனால் யாராவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டுமே என்று எங்களுக்கும் தாள் ஒட்டினார். ஒட்டிவிட்டுப் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கைபோலத் தெரிந்த அந்த ஊரில் அவரை அறிந்த ஒரு மனுஷர்கூட இல்லை. இடத்தைக் காலியாக விட்டிருக்கலாம். எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் கட்டத்தைக் காலியாக விட அவர் கைக்கு வராது. அடுப்படியிலிருந்து அம்மா, கதவு எண்ணிலிருந்து குறுக்குத் தெரு வரைக்கும், வில்சன் கார்டன் விலாசம் ஒன்றை ஜெபம் சொல்வதுபோலச் சொன்னாள். அது யார் வீடு என்று அவர் கேட்கவில்லை. மூன்று வில்லையிலும் அழகான இங்கிலீஷில் எழுதினார். கால் வைக்கக் கூடாத வீடு, பிள்ளை தொலைந்தால் மட்டும் உதவும் என்பதில் அவருக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லை.

பெங்களூரைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. நாங்கள் பார்த்ததெல்லாம் அப்பாவின் முதுகும் கைக்கடிகாரமும்தான். பெரிய தம்பி ஒன்பதரைக்கே நிஜாரை நனைத்துவிட்டான். அப்பா தாளைக் காட்டி அவனைத் திட்டினார். ஒன்று பத்துக்கு லால்பாக் புல்தரையில் எங்களை உட்காரவைத்து, புளிசாதம் தின்று, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, புரோகிராமில் எழுதியபடியே குறட்டை விட்டார்.

அம்மா என் பக்கம் நகர்ந்து வந்தாள். என் வில்லையைத் திருப்பி, விலாசம் வெளியே தெரியும்படி வைத்தாள்.

"நீ கொஞ்ச நேரம் தொலைஞ்சு போறியாடி?" என்றாள்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவள் வாசலைக் கண்ணால் காட்டினாள். அங்கே ஒரு போலீஸ்காரர் சைக்கிளைச் சாய்த்துவைத்துக் கடலை தின்றுகொண்டிருந்தார். "அவருகிட்ட போயி வில்லையக் காட்டு. ஒண்ணும் பேசாத. நான் பின்னாலயே வர்றன்." அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு தேங்காய் மூடியைக்கூட அடுத்த வீட்டுக்குக் கொடுத்தறியாதவள் அவள்.

போனேன். போலீஸ்காரர் ஒரு பக்கம் 214ஐப் பார்த்துச் சிரித்தார், மறுபக்கம் படித்தார், என்னை சைக்கிள் கம்பியில் ஏற்றிக்கொண்டார். பத்து நிமிஷத்தில் ஒரு ஓட்டு வீட்டின் முன்னால் இறக்கிவிட்டார். கதவைத் திறந்த பெண்ணுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. அவள் வீட்டைவிட்டுப் போனபோது எனக்கு மூன்று வயது. வில்லையைக் கையில் எடுத்தவள் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா கையெழுத்து" என்றாள். "மாமாவே எழுதி அனுப்புனாரா?"

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நான் ஆமாம் என்று தலையாட்டினேன். என் வாழ்நாளில் நான் சொன்ன பொய்களில் எனக்கு வருத்தமே இல்லாத பொய் அதுதான். சித்தி என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் பின்னாலிருந்து ஐந்து வயதுப் பெண் ஒன்று எட்டிப் பார்த்தது. அதன் பெயரும் என் அம்மாவின் பெயர்தான், ரோஸ்.

தோட்டத்தில் நடந்ததைத் தம்பிகள் பிறகு சொன்னார்கள். ஒன்று நாற்பதுக்கு எழுந்த அப்பா எண்ணிப் பார்த்து, பதறி, மரம் மரமாக ஓடியிருக்கிறார். அம்மாதான் நிதானமாக, "வில்லையில எழுதியிருக்கிறீங்களே, அங்கதான் கொண்டு போயி விட்டிருப்பாங்க" என்றாளாம். தான் போட்ட விதியை மறுக்க முடியாமல் அவர் அந்த விலாசத்துக்குக் கிளம்பினார்.

வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொள்ளும் உத்தேசத்தோடுதான் வந்தார். சித்தி ஓடிவந்து அவர் காலைத் தொட்டாள். சித்தப்பா கன்னடத்தில் வாங்க வாங்க என்று சொல்லி நாற்காலியைத் துடைத்தார். அப்பா மன்னித்துவிட்டதாகவே அந்த வீடு நம்பிக்கொண்டிருந்தது. இல்லை என்று சொல்லும் தைரியம்கூட அவரிடம் இல்லை. பெரிய மனது பண்ணுகிறவர்போல உள்ளே போய் உட்கார்ந்து இரண்டு டம்ளர் காபி குடித்தார். அடுப்படியில் அம்மாவும் சித்தியும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசி பஸ்ஸில்தான் ஊர் திரும்பினோம்.

அதற்கப்புறம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சித்தி வந்தாள். அப்பாவோ சாகும்வரை பண்ணையிலும் கோயில் வாசலிலும் ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்: அந்த வில்லையை மட்டும் அவர் கட்டியிராவிட்டால் மகள் போயே போயிருப்பாள், ஓடிப்போனவளை மன்னிக்க எத்தனை பேருக்கு மனசு வரும். அம்மா பக்கத்தில் நின்று தலையாட்டுவாள். அந்தத் தலையாட்டலில் இருந்த இளப்பத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

பண்ணைப் பக்கம் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. ஓசூர் எங்கே முடிகிறது, பெங்களூர் எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க அத்திப்பள்ளி சுங்கச்சாவடி ஒன்றுதான் மிச்சம். வருகிற ஞாயிற்றுக்கிழமை பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு எல்லோரும் பெங்களூர் போகிறோம். என் மகன் போனில் திட்டம் போட்டிருக்கிறான், நிமிஷக் கணக்கு தவறாமல். எல்லோருடைய போனும் அவன் போனில் புள்ளிகளாகத் தெரியுமாம். "இனிமே யாரும் தொலைஞ்சே போக முடியாதும்மா" என்றான், தாத்தாவின் அதே குரலில். அவன் முழுப் பட்டியலையும் வாசித்து முடிக்கும்வரை என் மருமகள் ஓர் இடத்தின் பெயருக்காகக் காத்திருந்தாள். அவளுடைய அக்கா இருப்பது கோரமங்களாவில். அந்த அக்காவுக்கும் என் மகனுக்கும் நான்கு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

நேற்று அடுப்படியில் அந்த வீட்டு விலாசத்தை அவளிடம் கேட்டு வாங்கி ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை என் போன் தலையணைக்கு அடியில் கிடக்கும். மதியச் சாப்பாடு முடிந்ததும் நான் கொஞ்ச நேரம் தொலைந்துபோகப் போகிறேன்.